தெற்குச் சிலியில் பைக் பயணம்: எந்த மழைக்கோட்டு வாங்குவது?

பிப்ரவரியில் சிலி நாட்டின் கர்ரெதேரா அவுஸ்திரால் சாலையில், புவெர்த்தோ மோந்திலிருந்து வில்லா ஓ'ஹிக்கின்ஸ் வரை வாடகை பைக்கில் பத்து நாளில் போய்த் திரும்ப நினைக்கிறீர்கள். அங்கே மழைக்காடு, ஓயாத மழை என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், அதனால் நூறு சதவீதம் தண்ணீர் புகாத ஜாக்கெட் எது என்று கேட்டிருக்கிறீர்கள். மழையில் ஓட்டுவது உங்களுக்குப் புதிதில்லை, வெப்ப நாட்டு அடைமழையில் வருடக்கணக்காக ஓட்டிப் பழகியவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் கடைசி வரிதான். நீங்கள் வாயால் கேட்டது ஜாக்கெட்டை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆறேழு டிகிரி குளிரில் நாள் பூராவும் நனைந்தபடி ஓட்டினால் உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை. அதிலிருந்தே தொடங்குகிறேன். ஜாக்கெட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

சுற்றுலாக் குழுக்களுக்குப் பின்னால் கடைசி வண்டியாக வரும் மெக்கானிக் வேலை என்னுடையது. யார் விழுந்தாலும், யாருடைய வண்டி நின்றாலும் அங்கே முதலில் போய்ச் சேருவது நான்தான். இந்தச் சாலையில் மட்டும் நான்கு கோடைகள் அப்படி ஓட்டியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உடம்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் முதலுதவிப் பயிற்சியில் படித்ததும் கண்ணால் பார்த்ததும். சாலையின் நிலைமையும் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. இன்று ஜல்லியாகக் கிடக்கும் இடத்தில் அடுத்த வருடம் தார் போட்டிருப்பார்கள். அதை மட்டும் கிளம்புமுன் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மழையின் குணம். பசிபிக் கடலிலிருந்து வருடம் பூராவும் மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து ஆண்டீஸ் மலையில் முட்டுகிறது. மேலேறும் காற்று குளிர்ந்து, சுமையை எல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. புயுவாபி ஊரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். மலையின் மறுபக்கம், ஏரிக்கரையில் இருக்கும் சிலே சிக்கோவில் சில நூறு மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் நடுவே சில நாள் பைக் பயணம். 3,600 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய அலெர்சே மரங்களும், குடையாகப் பிடிக்கும் அளவுக்கு இலை விரிக்கும் நல்கா செடிகளும் அந்தக் காட்டில் நிற்பதற்கு இந்த மழைதான் காரணம். பிப்ரவரி அங்கே கோடை, வருடத்திலேயே மழை குறைவான காலமும் அதுதான். ஆனாலும் மூன்று நாள் விடாமல் தூறுவது சகஜம். கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும் மழை இல்லை இது. நசநசவென்று காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் இரவு வரைக்கும் அதே வேகத்தில் பெய்யும். கீழே பள்ளத்தாக்கில் 14 டிகிரி இருந்தால் மேலே கணவாயில் 6 டிகிரி இருக்கும்.

வெப்ப நாட்டு மழையில் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். 26 டிகிரி மழையில் நனைந்தால் எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். நின்று ஒரு டீ குடித்துவிட்டு ஓட்டலாம். 8 டிகிரியில் கணக்கு வேறு. வானிலைத் துறைகள் பயன்படுத்தும் காற்றுக்குளிர் சூத்திரப்படி, 8 டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று வெறும் தோலில் பட்டால் 1, 2 டிகிரி குளிரைப் போல உறைக்கும். அது உலர்ந்த தோலுக்கான கணக்கு. ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் என்பது ஒன்று. இன்னொன்று பலர் யோசிக்காதது: உங்கள் ஜாக்கெட்டின் மேல்துணியில் ஊறிய தண்ணீர் காற்றில் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதில் கணிசமான பங்கை உங்கள் உடம்புதான் கொடுக்கிறது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இறங்காமலேயே ஒருவர் குளிரில் விறைத்துப்போக முடியும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். புயுவாபிக்குத் தெற்கே கெவுலாத் கணவாய் என்று ஒரு ஏற்றம், ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டை ஊசி வளைவுகள். குழுவில் நன்றாக ஓட்டக்கூடிய ஒருவர், என்னைவிடத் திறமைசாலி என்றே சொல்வேன், மேலே ஏறி ஓரம் கட்டும்போது, வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்ட நிலையில், அப்படியே சாய்ந்து விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று மூன்று முறை சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னேன். தாடைக்குக் கீழே இரட்டை வளையத்தில் மாட்டிய பட்டி, கண்ணை மூடிக்கொண்டு பத்து வருடமாகக் கழற்றும் பட்டி. விரல்கள் அதைத் தேடுகின்றன, தொடுகின்றன, ஆனால் பிடிக்க முடியவில்லை. பூனை கதவைச் சுரண்டுவது போல இருந்தது. நான்தான் கழற்றினேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நடுக்கம் இல்லை. அதுதான் எனக்குப் பயம். வெடவெடவென்று நடுங்கினால் உடம்பு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடம்பு சூடாகாமலேயே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை கைமீறத் தொடங்கிவிட்டது. உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதைத் தாழ்வெப்ப நிலை என்கிறார்கள். முதலில் போவது விரலின் நுட்பம், அடுத்தது நிதானமாக முடிவெடுக்கும் புத்தி. தான் குளிரில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிவதில்லை. ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, பின்னால் வந்த எங்கள் வேனில் உட்காரவைத்து, இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் தேறிவிட்டார். உங்களுக்குப் பின்னால் வேன் வராது என்பதை நினைவில் வையுங்கள்.

அதனால் நானே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மழையில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவேன். ஒரே கையின் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்ப்பேன். தொட முடியவில்லை என்றால், அல்லது ஹெல்மெட் பட்டியில் தடுமாறினால், அன்றைய ஓட்டம் அடுத்த கூரையோடு முடிந்தது. "இன்னும் முப்பது கிலோமீட்டர்தானே" என்று மனசு சொல்லும். அப்படிச் சொல்வதே குளிர்ந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

சரி, ஜாக்கெட். ஆறு மணி நேரம் வண்டி வேகத்தில் மழை அடித்தால் கழுத்து, கைமுனை, ஜிப் இந்த மூன்று வழியில் எந்த ஜாக்கெட்டிலும் தண்ணீர் இறங்கும். விலை கூடினால் இறங்கும் நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. தண்ணீர் புகாத சவ்வைத் தனி உள்ளுறையாகத் தொங்கவிட்ட ஜாக்கெட்டுகள்தான் கடையில் அதிகம். அதில் மேல்துணி முழுக்க ஊறிக் கனமாகி, நான் மேலே சொன்ன ஆவியாதல் கூத்தை நாள் பூராவும் நடத்தும். சவ்வை மேல்துணியோடு ஒட்டித் தைத்த வகையில் இது மிகக் குறைவு, விலையும் அதற்கேற்ப எகிறும். அந்தச் செலவு தேவையா என்றால், ஒரு பயணத்துக்கு வேண்டாம் என்பேன். இப்போது உங்களிடம் இருக்கும் பாதுகாப்பு ஜாக்கெட்டே போதும். அதன்மேல் போட்டுக்கொள்ள, தையல்களில் நாடா ஒட்டிய, முன்பக்க ஜிப்புக்கு மேல் அகலமான மடிப்பு உள்ள சாதாரண மழை உடுப்பு ஒன்று வாங்குங்கள். ஜாக்கெட், கால்சட்டை என்று தனித்தனியாக இருப்பதே வசதி, அளவில் ஒன்று பெரியதாக எடுங்கள். காற்றையும் அது தடுக்கும், கீழே உள்ள துணியை ஊறவும் விடாது. உள்ளே வியர்க்கும் என்று குறை சொல்வார்கள். 8 டிகிரியில் அது பெரிய குறையே இல்லை. ஒரே நிபந்தனை: மழை தொடங்குமுன் போட்டுவிட வேண்டும். நனைந்த பிறகு போட்டால் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுபோல் ஆகிவிடும்.

உண்மையான தலைவலி கைகள்தான். தண்ணீர் புகாது என்று விற்கும் தடித்த கையுறைகளும் மூன்றாம் நாள் ஏதாவது ஒரு தையலில் விட்டுக்கொடுத்துவிடும். அதன் உள்துணி ஒருமுறை நனைந்தால் ஒரே இரவில் காயாது. அடுத்த நாள் காலை ஈரக் கையுறைக்குள் விரலை நுழைப்பது போல மனசை உடைக்கும் விஷயம் இந்தப் பயணத்தில் வேறில்லை. அதனால் இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று எப்போதும் உலர்ந்த பைக்குள். இதெல்லாம் கைவிட்டால், மீன்பிடித் தொழிலில் போடும் பெரிய அளவு ரப்பர் கையுறையை உள்ளே மெல்லிய கம்பளியோடு போடலாம். பார்க்க அசிங்கம், ஆனால் வேலை செய்கிறது. துறைமுக ஊர்களில் கிடைக்கும். விழுந்தால் அது கையைக் காக்காது என்பதால் வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். கையுறையின் வாயை ஜாக்கெட் கைக்குள் விடுவதா வெளியே விடுவதா என்பதில் ஓட்டுபவர்களுக்குள் ஓயாத சண்டை. வெளியே விட்டால் தோளிலிருந்து வழியும் தண்ணீர் கையுறைக்குள் போகும். உள்ளே விட்டால் எதிர்க்காற்று தண்ணீரை முழங்கைவரை ஏற்றும். கைப்பிடிக்கு முன்னால் காற்றுத் தடுப்பு உள்ள வண்டியில் உள்ளே விடுவது மேல் என்பது என் பழக்கம். தடுப்பு இல்லாத வண்டிக்கு நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு மழை நாளில் இரண்டையும் செய்து பாருங்கள்.

கைப்பிடி ஹீட்டர் உள்ள வண்டியையே வாடகைக்குக் கேளுங்கள். அது 30, 40 வாட்தான் எடுக்கும், எந்த வண்டியும் தாங்கும். மார்புக்குச் சூடு தரும் மின் உள்ளாடை இன்னும் நல்லது. மார்பு சூடாக இருந்தால் உடம்பு விரலுக்கும் ரத்தத்தைத் தாராளமாக அனுப்பும். ஆனால் அதற்கு 60 முதல் 100 வாட் வரை வேண்டும், சின்ன வண்டிகளின் மின்உற்பத்தி அதற்குப் போதாமல் பேட்டரி இறங்கிவிடலாம். வாடகைக் கடையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உள்ளே பருத்தி பனியனோ ஜீன்ஸோ வேண்டவே வேண்டாம். மெல்லிய மெரினோ கம்பளி இரண்டு அடுக்கு போதும், ஈரமானாலும் அது கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும். கழுத்துத் துணி நனைந்தால் திரிபோலத் தண்ணீரை உள்ளே இழுக்கும். எனவே அதன் ஓரம் வெளியே நீட்டக் கூடாது. பூட்ஸுக்கு மேலே மழைக் கால்சட்டை இறங்கி நிற்கட்டும், உள்ளே விடாதீர்கள். ஹெல்மெட் வைசரில் மூச்சின் ஆவி படியாமல் இருக்க உள்ளே பொருத்தும் பின்லாக் தகடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மாலையில் தங்கும் விடுதிகளில் பெரும்பாலும் இரும்பு விறகு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரம்மா உங்களைப் பார்த்ததும் முதலில் கையுறையைத்தான் கேட்டு வாங்குவார். அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருப்பார்கள். கம்பளியை அங்கே போடுங்கள். தோல் பூட்ஸையும் சவ்வு ஒட்டிய உடுப்பையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தோல் வறண்டு வெடிக்கும், சவ்வின் பசை விடும். பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரவில் ஒருமுறை எழுந்து மாற்றினால் காலைக்குள் பாதியாவது காய்ந்திருக்கும். சார்ஜ் போடும் ஓட்டையில் ஈரம் இருந்தால் போன் சார்ஜே ஏறாது. ஒரு பவர் பேங்க்கை உலர்ந்த பையில் தனியாக வையுங்கள். வழித்தடத்தைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாலைக்கு வருவோம். தார் இல்லாத பகுதியை அங்கே ரிப்பியோ என்பார்கள், உருட்டு ஜல்லி. மெல்லிய தூறல் இதற்கு நல்லதுதான், தூசு அடங்கி மேற்பரப்பு இறுகும். கனமழை பெய்தால்தான் குழிகள் தண்ணீரால் நிரம்பி ஆழம் தெரியாமல் போகும். கார் சக்கரங்கள் போய் இறுகிய தடத்தில் ஓட்டுங்கள். இரண்டு தடத்துக்கும் நடுவே குவிந்திருக்கும் ஜல்லியை மெதுவாக, சாய்க்காமல், ஆக்சிலேட்டரை விடாமல் கடக்க வேண்டும். பிடியைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வையுங்கள். முன்பிரேக்கை இழுத்துப் பிடித்தால் விழுவீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். டயர் காற்றைக் குறைப்பது பற்றி ஆளுக்கொரு எண் சொல்வார்கள். சுமையோடு போகும்போது அதிகம் குறைத்தால் ஒரு குழியில் ரிம் வளைந்துவிடும். கொஞ்சமாகக் குறைத்து, தார் வந்ததும் ஏற்றிவிடுவது என் வழக்கம். மழையும் மணலும் சேர்ந்த சேறு பிரேக் பேடை அரைத்துத் தின்னும். செயின் எண்ணெய் ஒரே நாளில் கழுவிப்போகும், தினமும் மாலை வண்டி சூடாக இருக்கும்போதே துடைத்துப் போடுங்கள். முதல் கோடையில் நான் இதில் சோம்பேறித்தனம் காட்டினேன். செயினில் நாலைந்து கண்ணிகள் இறுகி மடங்காமல் நின்றன. கோக்ரேனிலிருந்து கொய்யாய்கே வரை, வண்டி ஒவ்வொரு சுற்றுக்கும் விக்கல் எடுத்தபடி வந்தது.

மண்சரிவை விளையாட்டாக எடுக்காதீர்கள். 2017 டிசம்பரில் கனமழைக்குப் பின் வந்த சேறும் பாறையும் வில்லா சாந்தா லூசியா என்ற கிராமத்தின் ஒரு பகுதியைப் புதைத்தன, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது இதே சாலையில் இருக்கும் கிராமம். காவலர்கள் சாலையை மூடினால் சுற்றுவழி தேடாமல் ஊரிலேயே தங்குங்கள். ஒதுங்கி நிற்க வேண்டுமென்றால் செங்குத்தான சரிவுக்கும் ஓடைக்கும் கீழே நிற்காதீர்கள்.

இப்போது உங்கள் பத்து நாள் திட்டம். இந்தச் சாலை ஒருவழிக்கு மட்டும் சுமார் 1,240 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் நாளுக்கு 250 என்று வரும், தார்ச்சாலையில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஓர்னோபிரேனிலிருந்து கலேத்தா கொன்சாலோ வரை சாலையே கிடையாது, இரண்டு ஃபெர்ரியும் நடுவில் சுமார் பத்து கிலோமீட்டர் துண்டுச் சாலையும்தான், அதிலேயே அரை நாளுக்கு மேல் போகும். கோடையில் முன்பதிவு இல்லாமல் போனால் நாள் கணக்கில் காத்திருக்க நேரலாம். தெற்கே புவெர்த்தோ யுங்காய் அருகில் இன்னொரு ஃபெர்ரி. வில்லா ஓ'ஹிக்கின்ஸ் முட்டுச்சந்து. அங்கிருந்து அர்ஜென்டினாவுக்கு நடந்தும் சைக்கிளிலும் போகிறார்கள், மோட்டார் பைக் போகாது. வந்த வழியே திரும்ப வேண்டும். மழை ரிப்பியோவில் நாளுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் நான் திட்டம் போடுவதில்லை. ஐந்து நாளுக்கு ஒரு நாள் சும்மா இருக்க விடுவேன். அந்த ஓய்வு நாள்தான் உங்களுடைய மிகச் சிறந்த மழைக்கோட்டு. காலையில் மழை கொட்டும்போது "இன்று கிளம்ப வேண்டாம்" என்று சொல்லும் வசதி எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆகவே என் யோசனை, வில்லா ஓ'ஹிக்கின்ஸை இந்த முறை விட்டுவிடுங்கள். புவெர்த்தோ மோந்த், சைத்தேன், புயுவாபி, கொய்யாய்கே வழியாக ஹெனரல் கர்ரேரா ஏரிவரை போங்கள். ரியோ த்ராங்கிலோவில் பளிங்குக் குகைகளைப் பார்த்துவிட்டு, ஏரியின் தென்கரையோரமாகச் சிலே சிக்கோ போய், எல்லை தாண்டி அர்ஜென்டினா பக்கமாக வடக்கே திரும்புங்கள். மழையின் கோட்டையை நல்ல உடம்போடு முதல் பாதியில் கடந்துவிடுவீர்கள், இரண்டாம் பாதி வறண்ட புல்வெளி, பெரும்பாலும் தார். அங்கே மழைக்குப் பதில் பக்கவாட்டுக் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும், அது வேறு கதை. வாடகை வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக உரிமையாளரின் அனுமதிப் பத்திரமும் அர்ஜென்டினாவில் செல்லும் காப்பீடும் கட்டாயம். அதைத் தயார் செய்ய நாள் பிடிக்கும் என்பதால் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். திரும்பச் சிலிக்குள் நுழையும்போது பையில் பழமோ தேனோ இருந்தால் அறிவித்துவிடுங்கள், மறைத்தால் அபராதம். பெட்ரோல் பம்ப் கண்ணில் பட்டால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள்.

பயணத் தேதியை மாற்ற நேர்ந்தாலும் ஜனவரிக்கு மாற்றாதீர்கள். அந்த மாதம் தாபனோ என்ற குதிரை ஈக்கள் கூட்டமாக வரும், அடர்நிற உடுப்பென்றால் அவற்றுக்குக் கொள்ளைப் பிரியம். வண்டியை நிறுத்தி வைசரைத் திறந்த மறு நொடி உள்ளே ஒன்று இருக்கும். மழை உடுப்பு வாங்கும்போது கறுப்பு வேண்டாம், மஞ்சளாக எடுங்கள். ஈக்கு மட்டுமில்லை, எதிரே ரிப்பியோவில் வரும் லாரிக்காரர் உங்களைப் பார்க்கவும் அதுதான் நல்லது.